காருக்குக் கீழே தண்ணி, டாஷ்போர்டில் லைற்: யாழ்ப்பாணத்துக் கார்க்காரருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் கார் பற்றி உலாவும் பிழையான நம்பிக்கைகளைக் கேட்டால், விஷயம் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவற்றில் பல ஒரு காலத்தில் சரியாகவே இருந்தன. போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் ஒஸ்ரின் ஏ40யும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கார்களுக்கு ரேடியேற்றரில் கிணத்துத் தண்ணி விட்டதும், காலையில் பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விட்டதும், தடித்த ஒயில் விட்டதும் பிழையில்லை. அப்பாவிடம் பழகிய அதே கைவைத்தியத்தை மகன் ரொயோட்டா அக்குவாவுக்குச் செய்வதில்தான் வில்லங்கம். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் பத்துப் பன்னிரண்டு வயதான ஹைபிரிட்டுகளை (பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் உள்ள கார்களை) இன்னும் வீட்டுக் காராக வைத்து ஓடுகிறவர்கள் பலர். அவற்றுக்குப் பிழையான பாகத்தை மாற்றிப் பார்க்கும் அளவுக்கு யாரிடமும் காசு கொட்டிக் கிடக்கவில்லை.

கீழேயுள்ள தலைப்புகள் எல்லாம் கராஜ் வாசலில் வந்து சொல்லப்படும் வசனங்கள். உங்கள் வாயில் எது வருகிறதோ அங்கிருந்து படியுங்கள்.

“தம்பி, ரேடியேற்றர் ஓட்டை. கீழ தண்ணி சொட்டுது.”

ஏசி போட்டு வந்து நிறுத்திய காரில், முன் இடப்பக்கம், பயணி கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே, நிறமும் மணமும் இல்லாத தண்ணீர் சொட்டினால் அது ரேடியேற்றர் அல்ல. காற்றிலுள்ள ஈரம் ஏசியின் எவாப்பரேற்றரில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகி, ஒரு சிறு குழாய் வழியாக வெளியே வருகிறது. கடலால் சூழ்ந்த ஊரில் அது கொஞ்ச நஞ்சமாக வராது. சொட்டுகிறது என்றால் ஏசி ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

சந்தேகம் இருந்தால் இரவு காருக்கடியில் ஒரு வெள்ளை மட்டையை விரித்து விட்டுக் காலையில் பாருங்கள். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது நிறம் இருந்து, விரலுக்கு வழுக்கி, இனிப்பு மணமும் வந்தால் கூலன்ற். ரொயோட்டாவில் பெரும்பாலும் இளஞ்சிவப்பு, ஹொண்டாவிலும் புதிய சுசுகிகளிலும் நீலம். மண்ணிறம் அல்லது கறுப்பு எஞ்சின் ஒயில். சிவப்பாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஓட்டோ கியர் ஒயிலாக இருக்கலாம். சில்லின் உட்பக்கத்தில் தெளிந்த மஞ்சளாக ஈரம் கண்டால் பிறேக் ஃபுளூயிட். அந்தக் காரை எடுத்துக்கொண்டு கராஜுக்குக்கூடப் போக வேண்டாம், மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும்.

உண்மையில் யோசிக்க வேண்டியது ஏசி போட்டும் தண்ணீர் சொட்டாதபோதுதான். இடப்பக்கக் கால்மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். நனைந்திருந்தால் அந்தக் குழாய் அடைத்துவிட்டது. முன் கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்று வாசலால் வேப்பமிலையும் புழுதியும் போய்ச் சேறாகிவிடும். காருக்கடியிலிருந்து குழாயின் றப்பர் முனையைப் பிதுக்கிச் சேற்றை எடுத்து, மெல்லிய காற்று அடித்தால் போதும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. அதன் மறுமுனையில் இருப்பது எவாப்பரேற்றர். மெத்தைக்கடியில் வயர்க்கட்டு ஓடுகிற கார்களில் ஈரம் நாள்பட்டால், வேறெங்கோ எரியாத லைற்றுக்குக் காரணம் தேடி அலைய நேரும்.

“கூலன்ற் பனி நாட்டுக்காரருக்கு. நான் நல்ல கிணத்துத் தண்ணிதான் விட்டனான்.”

குடிக்க நல்ல தண்ணீர் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் அல்ல. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. நமது கேத்தில்களின் அடியில் படியும் வெள்ளைப் படிவு ரேடியேற்றர் குழாயிலும் அப்படியே படியும். கரையோரக் கிணறுகளில் உவரும் சேரும். அந்த உப்பு அலுமினியத்தை அரிக்கும். ஒஸ்ரினின் ரேடியேற்றர் பித்தளையும் செம்பும், குழாய்களும் அகலம், அடைத்தாலும் கழற்றிக் குத்திச் சுத்தம் செய்து ஈயம் பற்றவைக்க ஆள் இருந்தது. இன்றைய ரேடியேற்றர் மெல்லிய அலுமினியக் குழாய், மேலும் கீழும் பிளாஸ்ரிக் தொட்டி. அடைத்தால் மாற்றுவதுதான்.

உறையாமல் காப்பது கூலன்றின் வேலைகளில் ஒன்று மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும், துரு பிடிக்காமல் தடுப்பதும், தண்ணீர்ப் பம்பின் சீலைக் காப்பதும் நமக்குத் தேவையானவை. பாதிக்குப் பாதி கலவை, நல்ல மூடியின் அழுத்தத்தோடு, 120 பாகை செல்சியஸ் தாண்டியும் கொதிக்காது. மூடியின் றப்பர் கிழிந்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். விலை குறைந்த பாகம், ஆனால் கடைசியாகச் சந்தேகிக்கப்படுவதும் அதுதான்.

கிணத்துத் தண்ணீர் விட்டுவிட்டால் திருத்தும் முறை இது. எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். ரேடியேற்றரின் அடித் திருகைத் திறந்து முழுவதையும் வடியுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் நிரப்பி (பற்றரித் தண்ணி என்று விற்பது போதும்; அசிட் போத்தலை மாறி எடுக்காதீர்கள்), ஹீற்றரை உச்சச் சூட்டில் வைத்து, ஃபான் இரண்டு தரம் ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓட விடுங்கள். ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள். கடைசி நிரப்பலில்தான் பலர் பிழை விடுகிறார்கள்: எஞ்சின் கட்டைக்குள் இன்னும் வெறும் தண்ணீர் தங்கியிருக்கும், அதனால் கலந்த கூலன்றை விட்டால் கலவை ஐதாகிவிடும். முழுக் கொள்ளளவில் பாதியைக் கலக்காத கூலன்றாக முதலில் விட்டு, மிச்சத்தைப் பற்றரித் தண்ணீரால் நிரப்புங்கள். ரொயோட்டாவின் நீண்டகாலக் கூலன்றுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில், பிறகு ஒவ்வொரு 80,000க்கும் ஒருமுறை. அந்தக் கணக்கு கிணத்துத் தண்ணீர் சேராத காருக்கு மட்டும்.

சிவப்பு வெப்ப லைற் வந்தால் ஓரமாக நிறுத்தி ஏசியை அணையுங்கள். ஆவி வரவில்லை, முன் ஃபானும் ஓடுகிறது என்றால் ஹீற்றரை உச்சத்தில் வைத்துக் கொஞ்சம் ஓட விடலாம். ஆவி வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். மூடியை முக்கால் மணிநேரத்துக்குத் தொடாதீர்கள். வீதியோரக் கிணற்றில் அள்ளி வந்து சுட்ட எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றும் கைங்கரியத்தால் எஞ்சினின் மேற்பாகமான ஹெட் வளையும், சிலவேளை வெடிப்பு விழும். வாகன் ஆர், விற்ஸ் போன்றவற்றில் காலையில் எரிகிற நீல லைற் பிழை இல்லை; எஞ்சின் இன்னும் குளிர் என்கிறது, அவ்வளவுதான்.

“எங்கட வெக்கைக்கு தேமோஸ்ரற் எதுக்கு” என்று கழற்றி எறிவதும் உண்டு. அது சுமார் 82 பாகையில் திறக்கும் கதவு. இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாது, கணினி கூடுதல் பெற்றோல் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஹைபிரிட்டில் எஞ்சின் நிற்கவே மறுக்கும். பிறகு “ஹைபிரிட் எண்டு சொல்லி ஏமாத்திப்போட்டான்” என்று விற்றவனைத் திட்டுவார்கள்.

வெளியே ஒழுக்கு இல்லாமல் கூலன்ற் குறைந்துகொண்டு போனால் ஹெட்டுக்கும் எஞ்சின் கட்டைக்கும் இடையிலுள்ள அடைப்பான ஹெட் காஸ்கெற்றைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை ரொயோட்டா ப்ரியஸில் இது பெயர்போன நோய்: காலையில் ஸ்ராட் ஆனதும் கார் அரை நிமிஷம் உதறும், தட்டும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். எஞ்சின் மவுண்ட் மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். ரேடியேற்றர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை செய்யுங்கள். புகை கலந்த காற்று வந்தால் அது மஞ்சளாகும். எஞ்சினுக்குத் திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கிற, கரி பிடித்த ஈஜிஆர் கூலரைக் கழற்றிக் கழுவுவது இதில் வருமுன் காக்கும் வேலை.

“ஹைபிரிட் பற்றரி போட்டுதாம். லட்சக் கணக்கில வருமாம்.”

முதலில் எந்தப் பற்றரி என்று கேளுங்கள். ரொயோட்டா ஹைபிரிட்டில் இரண்டு உண்டு. பெரியது சில்லை ஓட்டுவது. சின்னது சாதாரண 12 வோல்ற். அது கணினிகளை எழுப்பும், அவை எழுந்த பிறகுதான் பெரியது இணையும். எஞ்சினைச் சுற்றும் வேலை சின்னதுக்கு இல்லை, அதனால் அது சாகும்போது “டிக் டிக்” சத்தமும் வராது. டாஷ்போர்ட் முழுக்க லைற் எரிந்து மினுங்கும், கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ வராது. பார்ப்பவர் பெரிய பற்றரி போய்விட்டது என்று கையை விரிப்பார்.

மல்ற்றிமீற்றர் வையுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய வெறுமை. ‘ரெடி’யில் வைத்தால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஹைபிரிட்டில் எஞ்சின் ஓடாவிட்டாலும் ‘ரெடி’யில் சின்னது சார்ஜ் ஆகும். பிறேக்கை மிதிக்காமல் பட்டனை அமத்தி, ‘ரெடி’ இல்லாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் சார்ஜ் ஆகாது, இறங்கும்.

சின்னது அக்குவாவில் பின் சீற்றடியில், ப்ரியஸில் டிக்கியில். ப்ரியஸின் டிக்கி மின்சாரத்தால் திறப்பது, பற்றரியோ உள்ளே: செத்தால் திறக்காது. அதற்காகவே பொனற்றுக்குள், ஃபியூஸ் பெட்டியில், சிவப்பு மூடிக்குக் கீழே ஒரு பொசிற்றிவ் முனை வைத்திருக்கிறார்கள். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் சாரதிக் கதவைத் திறந்து பொனற்றை இழுங்கள். வயரை மாறிக் கொடுத்தால் பெரிய ஃபியூஸ் எரியும், சிலவேளை அதோடு நிற்காது. மாற்றும்போது பயணிகள் அறைக்குள் வைக்கும் சீல் செய்த வகையை, வாயுக் குழாயோடு சேர்த்துப் போடுங்கள். சாதாரண ஈயப் பற்றரி சீற்றடியில் அசிட் வாயு விடும்.

பெரியது உண்மையிலேயே தளர்ந்தால் காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரில் ‘பி0ஏ80’ என்ற பிழைக் குறியீடு வரும். அதற்கு முன்னர் பின் சீற் பக்கம் ஃபான் உறுமும், சார்ஜ் கோடுகள் கிடுகிடுவென ஏறி இறங்கும். உடனே பற்றரிக்கு விலை கேட்க வேண்டாம். பின் சீற்றுக்கு அருகிலுள்ள காற்று வாசலைப் பாருங்கள். பையும் துவாயும் போட்டு மூடியிருக்கும், உள்ளே வலையில் புழுதி பஞ்சாகப் படிந்திருக்கும். கிளிப்பைக் கழற்றி உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். குளிர்காற்று போகாத பற்றரிதான் சீக்கிரம் சாகிறது. ‘பி0ஏ93’ வந்தால் அது பற்றரியே இல்லை, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டரின் கூலன்ற். பொனற்றுக்குள் தனித் தொட்டி இருக்கும். ‘ரெடி’யில் வைத்து மூடியைத் திறந்தால் திரவம் சுழல்வது தெரிய வேண்டும். அசையாமல் நின்றால் அந்தச் சிறு மின்பம்ப் போய்விட்டது.

வாகன் ஆர் ஹைபிரிட் வேறு சாதி. அது ஊர்ந்து நகர்வதற்கு மேல் மின்சாரத்தில் ஓடாது. சந்தியில் எஞ்சின் தானாக நிற்பதைக் ‘கட் ஓவ்’ என்று திருத்தக் கொண்டுவருவோர் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, முன்பு நின்ற எஞ்சின் இப்போது நிற்பதே இல்லை என்றால் கவனியுங்கள்: ஏசி அதிகம், எஞ்சின் குளிர் என்ற காரணங்கள் இல்லாவிட்டால், பற்றரி தளர்வதன் முதல் அறிகுறி அது. நின்று எழும் எஞ்சினுக்கென்று செய்த பற்றரியையே போடுங்கள். மலிவு என்று சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரம் திரும்ப வாங்குவீர்கள்.

“போன நல்லூர்த் திருவிழாவுக்குப் பிறகு எடுக்கேல்லை. மாசம் ஒருக்கா ஸ்ராட் பண்ணி வச்சனாங்கள்.”

வெளிநாட்டு உறவுக்காரரின் காரை இப்படிப் பராமரிப்பது ஊர் வழக்கம், காரைக் கெடுக்க நல்ல வழியும் அதுதான். பத்து நிமிஷம் நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாது; எரியாத பெற்றோலும் தண்ணீரும் ஒயிலில் தங்கும், சைலன்சருக்குள் தண்ணீர் நின்று துரு பிடிக்கும், ஸ்ராட் எடுத்த கரண்டைப் பற்றரி திரும்பப் பெறாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாவகச்சேரி வரை ஓடித் திரும்புங்கள். முடியாவிட்டால் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றி, ரயருக்கு வழமையை விட 5 பிஎஸ்ஐ கூட அடித்து, ஹான்ட் பிறேக் போடாமல் ‘பி’யில் வைத்துச் சில்லுக்குக் கட்டை கொடுங்கள். ஹான்ட் பிறேக் இழுத்தபடி மாதக்கணக்கில் நின்றால் பின் ட்ரமில் பிறேக் சூ ஒட்டிப்போகும்.

திரும்ப எடுக்கும் நாளில், ஸ்ராட் பண்ண முன், ஏர் ஃபில்ற்றர் பெட்டியைத் திறவுங்கள். எலிக்கூடு அதற்குள்தான் இருக்கும். வயர் கடிபட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு மிச்ச வேலை.

“வெயிலுக்கு ரயர் வெடிச்சிடும், காத்தைக் குறைச்சு விடு.”

தலைகீழ். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூட மடிகிறது, மடிவதால்தான் சூடு ஏறுகிறது, அந்தச் சூட்டில்தான் ஏ9 வீதியில் வெடிக்கிறது. வெயிலில் அழுத்தம் கூடத்தான் செய்யும். ஏறத்தாழ 5, 6 பாகைக்கு 1 பிஎஸ்ஐ. அதைக் கணக்கில் எடுத்தே தயாரிப்பாளர் எண் கொடுத்திருக்கிறார். அந்த எண் சாரதிக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும், ஜப்பான் கார்களில் கிலோபாஸ்கலில்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 240 என்றால் 35. ரயரின் சுவரில் பொறித்திருப்பது அந்த ரயர் தாங்கும் உச்சம், அடிக்க வேண்டிய அளவு அல்ல. காலையில் கார் ஓட முன் அளந்து பாருங்கள். நைதரசன் அடித்தால் தப்பில்லை, ஆனால் சாதாரண காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான்.

கட்டை தேயவில்லை என்பதற்காக ரயர் புதிது என்று நம்ப வேண்டாம். சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த ரயர்.

“அலைன்மென்ற் செய்தும் ஸ்ரியறிங் நடுங்குது.”

நடுக்கம் அலைன்மென்ற் வேலை இல்லை. 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் நடுங்கினால் பலன்சிங். பிறேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். நேர்வீதியில் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்று, பிறகு அலைன்மென்ற். தீவுப் பகுதி வீதிக் குழிகளில் விழுந்தெழும் கார்களுக்கு, அலைன்மென்ற் செய்ய முன், முன் சில்லுகளைத் தாங்கித் திருப்பும் போல் ஜொயின்ற், ரை ரொட் முனைகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் கொடுத்த காசு ஒரு வாரத்துக்குத்தான்.

“பிறேக் கத்துது.”

ஊர்காவற்றுறை, காரைநகர் பக்கம் ஓரிரவு நின்ற காரின் டிஸ்க்கில் காலையில் செம்மஞ்சளாகத் துரு இருக்கும். முதல் நாலைந்து பிறேக்கில் உரசிப் போய்விடும். தொடர்ந்து மெல்லிய கீச்சொலி வந்தால் பிறேக் பாட் தேய்ந்து, அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. கரகரவென்றால் இரும்போடு இரும்பு. இனிப் பாட்டோடு டிஸ்க்கும் போகும்.

ஹைபிரிட்டில் மோட்டரே வேகத்தைக் குறைப்பதால் பாட் குறைவாகவே தேயும். “எனக்கு இன்னும் பாட் மாத்தேல்லை” என்று பெருமைப்படுகிறவர், பாட்டை டிஸ்க்கில் அமத்தும் கலிப்பரின் நகரும் ஊசிகளையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் அவை இறுகும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து பிறேக் கிறீஸ் பூசுங்கள், சாதாரண கிறீஸ் வேண்டாம். கதவைத் திறந்ததும் ப்ரியஸில் வரும் ‘ர்ர்ர்’ சத்தம் பிறேக் பம்ப் அழுத்தம் ஏற்றுவது, இயல்பானது. பிறேக்கைத் தொடாதபோதும் சில செக்கனுக்கொருமுறை அது ஓடினால் இயல்பல்ல.

ஃபுளூயிட் மட்டம் மெல்ல இறங்குவது பாட் தேய்வதால். நிரப்பி வைத்தால் புதுப் பாட் போடும்போது வழிந்து பெயின்றைத் தின்னும். சடுதியாக இறங்கினால்தான் ஒழுக்கு. கியர் ஒயிலையோ வேறெந்தக் கனிய எண்ணெயையோ அதற்குள் விட்டால் றப்பர் சீல் அத்தனையும் ஊதிப்போகும். திடீர் பிறேக்கில் மிதி துடித்தால் அது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ். பயந்து காலை எடுக்காமல் இன்னும் அமத்துங்கள்.

“95 அடிச்சும் இழுவை இல்லை.”

ஒக்ரேன் எண் பெற்றோலின் வலு அல்ல. அமுக்கத்தில் தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் அளவு. ஜப்பானில் ‘ரெகுலர்’ பெற்றோலுக்கான கீழ் எல்லை 89. அக்குவாவும் வாகன் ஆரும் அதற்காகவே செய்தவை, 92 அவற்றுக்குத் தாராளம். 95 கேட்கும் காரின் பெற்றோல் மூடியிலோ மனுவலிலோ அப்படி எழுதியிருக்கும். இழுவை குறைந்தால் ஏர் ஃபில்ற்றர், பிளக், இறுகிய பிறேக், ரயர்க் காற்று என்ற வரிசையில் தேடுங்கள்.

மண்ணெண்ணெய் கதை இங்கேதான் ஆபத்தாகிறது. மொறிஸின் அமுக்க விகிதம் 7:1ஐ ஒட்டியது, காபரேற்றரும் எதையும் குடிக்கும். ஹைபிரிட் எஞ்சின்களில் அது 13:1க்குக் கிட்ட. மண்ணெண்ணெய் கலந்தால் தட்டும், இன்ஜெக்டரும், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரும் கெடும். பெற்றோல் காருக்கு டீசல் அடித்துவிட்டால் சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். திருப்பினாலே பம்ப் அதை முன்னுக்கு அனுப்பிவிடும்.

தடித்த ஒயிலும் இந்த வகைதான். மெல்லிய 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினுக்குத் தடித்த 20டபிள்யூ-50 விட்டால் வால்வ் நேரத்தை மாற்றும் பொறிக்கு நேரத்துக்கு ஒயில் போய்ச் சேராது. அக்குவாவுக்கு ஃபில்ற்றரோடு 3.7 லீற்றர், ப்ரியஸ் 1.8க்கு 4.2. நாலு லீற்றர்க் கானை முழுவதும் அக்குவாவுக்குள் கவிழ்த்துவிட்டு “மிச்சம் எதுக்கு” என்பதும் ஒரு நம்பிக்கை.

“சைலன்சரால தண்ணி வருது, எஞ்சினுக்கை தண்ணி போட்டுது.”

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். காலையில் குளிர்ந்த குழாயில் அது சொட்டும், வெண்ணிற ஆவியாகவும் வரும். சூடேறிய பிறகும் வெண்புகை இனிப்பு மணத்தோடு நின்றால் கூலன்ற் எரிகிறது. நீலப் புகை ஒயில். கரும்புகை பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது.

“ஏசிக்கு வருஷா வருஷம் காஸ் அடிக்கோணும்.”

காஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய சுற்று. குறைந்தால் எங்கோ ஒழுக்கு, ஒழுக்கை அடைக்காமல் நிரப்புவது காற்றுக்குக் காசு கட்டுவது. பெரும்பாலான சிறிய கார்களுக்கு 300 முதல் 500 கிராமுக்குள்தான் தேவை. சரியான எடை பொனற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். தராசு இல்லாமல் “கையால பாத்து” அடிக்கும் இடத்தில் கூடிப்போகும், கூடினாலும் குளிர் குறையும்.

தேடும் ஒழுங்கு: காற்றே மெல்ல வந்தால் கையுறைப் பெட்டிக்குப் பின்னாலுள்ள கபின் ஃபில்ற்றர். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெக்கையானால் முன் ஃபான் அல்லது ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும், காஸைக் குளிர்விக்கிற கொண்டன்சர் அடைத்திருக்கும். அதன் தட்டுகளை வளைக்காமல் மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். இவை எல்லாம் சரியென்றால்தான் அழுத்தமானி.

ஹைபிரிட் வைத்திருப்போர் இதை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதன் கொம்பிரெசர் பெல்ற்றில் அல்ல, உயர் வோல்ற் மின்சாரத்தில் ஓடுவது. அதன் ஒயில் மின்சாரம் கடத்தாத ‘என்டி-ஒயில் 11’ வகை. சாதாரண காருக்கு அடிக்கும் ஒயில் அதே இயந்திரக் குழாயால் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெட்டு ‘பி0ஏஏ6’ வரும், கார் ‘ரெடி’ ஆக மறுக்கும். மலிவான காஸ் நிரப்பலில் தொடங்கிக் கொம்பிரெசர் மாற்றுவதில் முடிகிற செலவு அது.

“சந்தியில நியூட்ரலில விட்டா பெற்றோல் மிச்சம்.”

ரொயோட்டா ஹைபிரிட்டில் ‘என்’னில் இருக்கும்போது பெரிய பற்றரி சார்ஜ் ஆகாது. றெயில் கேற்றில் ஏசியோடு ‘என்’னில் நின்றால் அது இறங்கிக்கொண்டே இருக்கும். ‘டி’யில் பிறேக்கை மிதித்து நில்லுங்கள், இல்லாவிட்டால் ‘பி’ (P). ‘டி’க்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு ‘பி’ (B) பற்றரி சார்ஜ் செய்யும் கியர் அல்ல. நீண்ட இறக்கத்தில் எஞ்சினால் வேகம் பிடிப்பது. நமது ஊரில் அதற்கு வேலையே இல்லை. கண்டிக்கு அப்பால் மலையேறி இறங்கும்போது பாவியுங்கள்.

“எஞ்சின் லைற் வந்தது, பற்றரி வயரைக் கழட்டிப் பூட்டினன், போட்டுது.”

லைற் போனது, பிழை போகவில்லை. கூடவே பதிவான பிழைக் குறியீடும் அழிந்தது, அதுதான் நட்டம். சின்ன புளூரூத் ஸ்கானரால் குறியீட்டைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகு அழியுங்கள். நிலையாக எரிந்தால் கராஜ் வரை மெதுவாக ஓடலாம். மினுங்கினால் ஒரு சிலிண்டர் எரியவில்லை. ஓட ஓட கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் வேகும். எண்ணெய்க் குடம் போன்ற சிவப்பு லைற் ஒயிலின் அழுத்தம் பற்றியது, மட்டம் பற்றியது அல்ல. “வீட்ட போய் ஊத்துவம்” என்று ஓடினால் வீடு வரைக்கும் எஞ்சின் இருக்காது.

“வெள்ளத்துக்கை நிண்டுட்டுது, திரும்பத் திரும்ப ஸ்ராட் அடிச்சனான்.”

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதியில் நின்ற தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் ஒரு தரமும் அடிக்க வேண்டாம். தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் போயிருந்தால் ஸ்ராட் அடிக்கும்போது பிஸ்ரனைத் தாங்கும் கொன்றொட் வளையும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய் ஏர் ஃபில்ற்றரைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நல்ல சகுனம். நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுற்ற வேண்டும். ஹைபிரிட் என்றால் செம்மஞ்சள் நிற வயர்களுக்குக் கிட்ட யாரும் கை வைக்கக் கூடாது. தூர இடத்துக்கு இழுக்கும்போது முன் சில்லு இரண்டும் நிலத்தில் படாமல் தூக்கியே இழுக்க வேண்டும், சுழன்றால் மோட்டர் மின்சாரம் உண்டாக்கும்.

எஞ்சின் நிற்காமல் தப்பித்து வந்தவர்களும் அடுத்த நாள் கியர் ஒயிலையும் எஞ்சின் ஒயிலையும் ஒரு தரம் பாருங்கள். பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஓடாமல் மாற்றுங்கள். தாம்போதியில் அள்ளுப்பட்டது கடல் தண்ணீர் என்றால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பாகம் முழுக்கக் கழுவுங்கள், பிறேக் ட்ரம் உட்பட.